ஸ்டெஃபியா, செரீனாவா? தஞ்சாவூர்ப் பிள்ளைகள் யார் ஆட்டத்தைப் பார்க்கலாம்?

மகளை டென்னிஸ் பயிற்சிக்கு அனுப்பும் தஞ்சாவூர், கும்பகோணம் பெற்றோருக்காக இது.

கிராண்ட் ஸ்லாம் (டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகள்) ஒற்றையர் பட்டங்கள்: செரீனா வில்லியம்ஸ் 23, ஸ்டெஃபி கிராஃப் 22. பெரிய வித்தியாசமில்லை.

ஆட்டம்தான் வேறு. செரீனாவின் பலம் சர்வீஸ். அதற்குத் தோள்வலு வேண்டும், சின்னப் பிள்ளைக்கு அது மெல்லத்தான் வரும். ஸ்டெஃபியின் பலம் கால்கள். பேக்ஹேண்ட் பக்கம் (வலக்கைக்காரருக்கு இடப்பக்கம்) வரும் பந்தையும் ஓடிச் சுற்றிவந்து ஃபோர்ஹேண்டில், அதாவது வலப்பக்க அடியில், விளாசுவார். மண் தரையில் நடக்கும் பிரெஞ்சு ஓப்பனை அவர் 6 முறை வென்றார், செரீனா 3. டெல்டாவில் மண் ஆடுகளத்தில் பழகும் பிள்ளைக்கு முதலில் ஸ்டெஃபியைத்தான் காட்டுவேன். 1988இல் நான்கு கிராண்ட் ஸ்லாம்களோடு ஒலிம்பிக் தங்கமும் வென்றாரே, என்ன ஆண்டு அது!

நீண்ட காலம் ஆட நினைப்பவளுக்குச் செரீனா: முதல் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டம் 1999, கடைசி 2017, அதுவும் கருவுற்றிருந்தபோது. ஸ்டெஃபி 30 வயதிலேயே ஓய்வு பெற்றுவிட்டார். பேக்ஹேண்டுக்கும் செரீனாவின் இரு கைப் பிடியையே பழக்குங்கள்.