மழை நாளில் கோவை: பேரூரா, அவிநாசி சாலையா?
விடுமுறையில் கோவைக்கு வந்த தம்பதியரை, பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழையும் தென்மேற்குப் பருவமழை அறைக்குள் முடக்கிவிட வேண்டியதில்லை. அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தார் அமைத்த கார் அருங்காட்சியகத்தில், வெளியே எவ்வளவு கொட்டினாலும், நனையாமல் பழைய கார்களைப் பார்த்து வரலாம். இயந்திரங்களில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு அது போதும்.

நான் பரிந்துரைப்பது நொய்யல் கரையிலுள்ள பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலையே. அங்குள்ள கனகசபையில், ஊர்த்துவ தாண்டவரும் அகோர வீரபத்திரரும் ஆளுயரத்தை மிஞ்சி நிற்கும் தூண்களுக்கு நடுவே, விதானத்திலிருந்து தொங்கும் கல் சங்கிலியின் வளையங்களை, இருவரும் அண்ணாந்து, அவசரமின்றிப் பார்க்கலாம். நண்பகலில் நடை சாத்துவார்கள் என்பதால் காலையிலேயே கிளம்புவது நல்லது. ஈரக் கல்தரையில் கால் வழுக்கும், கைகோத்தே நடங்கள்.