டைல் இருப்புக் கணக்கு: கருவி நம் கணினியிலா, தொலைவு சர்வரிலா?

ஆத்தங்குடி டைல் பட்டறையின் இருப்பை ஏஐ உதவியாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள, 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் வெளியிட்ட எம்சிபி நெறிமுறையில் (உதவியாளரை வெளிக் கருவிகளோடும் தரவோடும் இணைக்கும் பொது விதிமுறை) இரண்டு வழி உண்டு.

கருவியை, அதாவது இருப்புக் கணக்கைப் படித்து உதவியாளருக்குத் தரும் நிரலை, நம் கணினியிலேயே ஓட்டலாம். கணக்கு ஒரே கணினியில் இருந்தால் இதுவே போதும்.

தொலைவு சர்வரில், அதாவது இணையம் வழியே எட்டும் வேறிடத்துக் கணினியில், வைத்தால் பட்டறையிலிருந்தும் காரைக்குடி கடையிலிருந்தும் ஒரே இருப்பைப் பார்க்கலாம்; திருத்தமும் ஓரிடத்தில்தான். அனுமதியை ஓஆத் என்ற பொது இணைய முறை வழியே தந்தால், கடவுச்சொல்லை உதவியாளரிடம் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் சர்வரை நடத்துபவர் யார் என்று கட்டாயம் விசாரியுங்கள். நம் விவரம் அவர் கைக்குப் போகிறது. கருவி தரும் பதிலுக்குள்ளேயே உதவியாளரைத் திசைதிருப்பும் கட்டளை ஒளிந்திருக்கலாம். அதனால் முதலில் பார்க்கும் அனுமதி மட்டும் கொடுங்கள், மாற்றும் அனுமதி அப்புறம். இரண்டு இடத்தில் வியாபாரம் என்றால், நான் தொலைவு சர்வரைத்தான் சொல்வேன்.