ஜோட்ரோப் செய்யக் கேக் சுழல்மேசை வாங்கலாமா?

பேக்கரி சாமான் கடைகளில், கேக்குக்குக் க்ரீம் பூசும்போது திருப்பிக்கொள்ள வசதியாக ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் சுழல்மேசை விற்கிறார்கள். 28 செ.மீ. விட்டம், சுமார் 7 செ.மீ. உயரம். கேக்குக்கு அது எப்படி உழைக்கும் என்பதைச் சமையல் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுவோம். பிள்ளைகளோடு சேர்ந்து ஜோட்ரோப் செய்ய அது அடித்தளமாகத் தேறுமா என்பதுதான் இங்கே கேள்வி. தேறும். இரண்டு குறை உண்டு, இரண்டுக்கும் வீட்டிலேயே மருந்து இருக்கிறது.

ஜோட்ரோப் என்பது மூடியில்லாத ஓர் உருளை. சுவரின் மேல்பாதியில் சம இடைவெளியில் ஒடுங்கிய பிளவுகள், கீழ்ப்பாதியின் உட்புறத்தில் படங்கள் வரைந்த ஒரு காகிதப் பட்டை. உருளையைச் சுற்றவிட்டுப் பிளவு வழியே எதிர்ச்சுவரைப் பார்த்தால் படம் அசையும். இங்கிலாந்தில் வில்லியம் ஜார்ஜ் ஹார்னர் 1834-இல் இதை விவரித்தார். பட்டையைக் கழற்றி மாற்றும்படி, பிளவுகளைப் படத்துக்கு மேலே ஏற்றி வைத்த வடிவத்துக்கு அமெரிக்காவில் வில்லியம் லிங்கன் 1867-இல் காப்புரிமை பெற்றார். இன்று எல்லோரும் செய்வது லிங்கனின் வடிவத்தைத்தான்.

செய்து பார்த்துவிட்டு “ஒன்றும் தெரியவில்லையே” என்று கைவிடுகிறவர்கள் பெரும்பாலும் படத்தைத்தான் குறை சொல்வார்கள். படம் கோணலாக இருந்தாலும் அசையும். காலை வாருவது சுழற்சிதான். பன்னிரண்டு படம், பன்னிரண்டு பிளவு என்றால், விநாடிக்கு ஒரு சுற்று சுற்றினால் விநாடிக்கு 12 படம் கண்ணில் விழும். பந்து குதிக்க அதுவே போதும். சுற்று பாதியாகக் குறைந்தால் படம் வெட்டி வெட்டி நகரும். இரண்டு மடங்கானால் பந்துக்குப் பேய் பிடித்ததுபோல் இருக்கும். ஆகவே நமக்கு வேண்டியது விநாடிக்கு ஒரு சுற்றிலிருந்து ஒன்றரைச் சுற்று வரை, ஆட்டமில்லாமல், பத்து விநாடியாவது ஓடும் ஒரு தளம்.

சுழல்மேசையில் ஆட்டம் குறைவு. அகன்ற பாதம் இருப்பதால் பிள்ளை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் கவிழாது. மேற்பரப்பில் வட்டக் கோடுகள் பதித்த மாதிரியையே கேட்டு வாங்குங்கள். உருளையை நட்டநடுவில் வைக்க அந்தக் கோடுகள்தான் உதவும். நடுவிலிருந்து மூன்று மில்லிமீட்டர் விலகினாலே படம் முன்னும் பின்னும் அலைவது கண்ணில் பட்டுவிடும். கடையிலேயே ஒருமுறை சுற்றிப் பார்த்து, ‘கடகட’ என்று பல் உரசும் சத்தம் வந்தால் வேறொன்றை எடுங்கள். அந்தப் பல் ஒவ்வொரு சுற்றிலும் படத்தை ஒரு வெட்டு வெட்டும்.

முதல் குறை, சீக்கிரம் நின்றுபோவது. பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உரசுவதால் வேகம் சட்டென்று இறங்கும். எண்ணெய் விடுவதைவிட விளிம்புக்கு எடை ஏற்றுவது நல்ல பலன் தரும். நூறு கிராம் உப்பை ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரில் கட்டி, அப்படி நான்கு பொட்டலத்தை விளிம்போரம் சம தூரத்தில் டேப் போட்டு ஒட்டுங்கள். எடை விளிம்பில் இருக்கும்போது வேகம் மெதுவாகத்தான் குறையும், அம்மிக்கல்லை நகர்த்தினால் நிறுத்துவதும் கஷ்டம் என்பதுபோல. டேப்பில் சிக்கனம் வேண்டாம், வேகமாகச் சுற்றினால் பொட்டலம் பறந்து போய் விழும்.

இரண்டாவது குறை உயரம். கீழே சொல்லும் அளவில் உருளை செய்தால், படம் முழுதாகத் தெரிய, கண் மேசையிலிருந்து சுமார் 30 செ.மீ. உயரத்தில், பிளவிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்க வேண்டும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்த பிள்ளையின் கண் அதற்கு மேலே இருக்கும். குனியச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் கழுத்து வலிக்கிறது என்று எழுந்து போய்விடும். சுழல்மேசைக்கு அடியில் நாலைந்து தடித்த புத்தகங்களை வைத்து ஏற்றிவிடுங்கள்.

இனி உருளை. ஸ்டேஷனரி கடையில் பெரிய அளவுக் கறுப்பு சார்ட் ஒன்று, 71 செ.மீ. நீளம், 56 செ.மீ. அகலம். பளபளப்பில்லாததாகப் பார்த்து வாங்குங்கள். 62 செ.மீ. நீளம், 17 செ.மீ. உயரம் என்று ஒரு பட்டை வெட்டினால், ஒரே சார்ட்டில் மூன்று உருளைக்கு வரும். ஒன்று கெட்டுப்போனாலும் கவலையில்லை. உயரத்தைக் கீழிருந்து மேலாக இப்படிப் பிரியுங்கள்: ஒட்டுவதற்கான மடிப்பு 1.5 செ.மீ., படப்பட்டைக்கு 7, இடைவெளி 1, பிளவு 6, மேலே வெட்டாத விளிம்பு 1.5. நீளத்தில் 60 செ.மீ. சுற்றளவுக்கு, மிச்சம் 2 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஒட்ட. ஐந்து செ.மீட்டருக்கு ஒரு பிளவு, அகலம் 4 மி.மீ. வளைப்பதற்கு முன், தட்டையாக இருக்கும்போதே வெட்டிவிட வேண்டும். இது ஸ்டீல் ஸ்கேலும் பேப்பர் கட்டரும் பிடித்து பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை.

பிள்ளைகளே கத்தரிக்கோலால் வெட்ட வேண்டும் என்றால் வேறு வழி இருக்கிறது. மேல் விளிம்பைத் திறந்துவிட்டு சீப்புப் பல் மாதிரி மேலிருந்து வெட்டச் சொல்லுங்கள். பிறகு 1.5 செ.மீ. அகலப் பட்டை ஒன்றை மேல்விளிம்பைச் சுற்றி ஒட்டினால் பல்லெல்லாம் நேராகிவிடும். ஒட்டாமல் விட்டால் பற்கள் வெளிப்பக்கம் விரிந்து, பிளவு மேலே அகன்றும் கீழே குறுகியும் இருக்கும், படத்தின் ஒரு பாதி தெளிவாகவும் மறுபாதி மங்கலாகவும் தெரியும்.

அடித்தட்டு 19.1 செ.மீ. விட்டம், நோட்டுப் புத்தக மேலட்டை போன்ற கெட்டி அட்டை. சார்ட்டின் கீழ் மடிப்பை இரண்டு செ.மீட்டருக்கு ஒருமுறை கத்தரித்து உள்ளே மடக்கி, ஃபெவிகால் தடவி இந்தத் தட்டின் மேல் ஒட்டுங்கள். உருளை வட்டமாக இருப்பது இந்தத் தட்டின் புண்ணியம். தட்டில்லாமல் டேப்பால் நேராகச் சுழல்மேசையில் ஒட்டினால் அது முட்டை வடிவத்துக்குப் போய்விடும்.

பிளவு ஏன் 4 மி.மீ.? பிளவு கண்முன் ஒரு பக்கம் ஓடும்போது, எதிர்ச்சுவர்ப் படம் மறுபக்கம் ஓடுகிறது. பிளவு அகன்றால் அது திறந்திருக்கும் நேரத்தில் படம் நகர்ந்து, இழுத்துவிட்டதுபோல் ஆகிவிடும். 8 மி.மீட்டரில் கோடெல்லாம் கரைந்துவிடும். 2 மி.மீட்டரில் ஊசி மாதிரி தெளிவு, ஆனால் இருட்டு. ஐந்து செ.மீட்டருக்கு 4 மி.மீ. என்றால் கண்ணுக்கு வருவது பன்னிரண்டில் ஒரு பங்கு ஒளி, அதற்கே நல்ல வெளிச்சம் தேவை. வெளிச்சம் மேலிருந்து உருளைக்குள் இறங்க வேண்டும், பார்க்கிறவர் பக்கமிருந்து வெளிச்சுவரில் அடிக்கக் கூடாது. சன்னலோரப் பகல் வெளிச்சம் முதல்தரம், பேட்டரி டார்ச் இரண்டாவது. மலிவான எல்இடி பல்பு வேண்டவே வேண்டாம். நம் மின்சாரத்தில் அது விநாடிக்கு 100 முறை மினுக்கும். பிளவு ஓர் இடத்தைத் திறந்து காட்டுவதோ விநாடியில் 150-இல் ஒரு பங்கு நேரம். இரண்டும் முட்டிக்கொண்டு படத்தின் மேல் வெளிச்சமும் இருளுமாகக் கோடுகள் ஓடும். ‘பிளவு சரியாக வெட்டவில்லை’ என்று நினைத்து மறுபடி வெட்டுகிறவர்கள் முதலில் பல்பை அணைத்துப் பாருங்கள்.

படப்பட்டைக்கு வெள்ளைத்தாள், 7 செ.மீ. உயரம். நீளத்தைக் கணக்குப் போட்டு வெட்டாதீர்கள். அட்டையின் தடிமனால் உட்சுற்று 60 செ.மீட்டரைவிடச் சற்றுக் குறையும். தாளை உருளைக்குள் வைத்துப் பார்த்தே வெட்டி, ஒவ்வொரு பிளவுக்கும் நேர்கீழே பென்சிலால் குறி வையுங்கள். இரண்டு குறிக்கு நடுவே ஒரு படம்.

முதல் பட்டையாகத் துள்ளும் பந்தை வரையச் சொல்லலாம். எல்லாக் கட்டத்திலும் ஒரே உயரத்தில் தரைக்கோடு. பந்தின் அடிப்பக்கம் தரையிலிருந்து இருக்க வேண்டிய உயரம், முதல் கட்டம் முதல் ஏழாவது வரை: 0, 1.5, 2.8, 3.8, 4.4, 4.9, 5 செ.மீ. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை அதே எண்கள் திரும்பி இறங்கும்: 4.9, 4.4, 3.8, 2.8, 1.5. பன்னிரண்டுக்குப் பிறகு முதல் கட்டமே தரை. கீழே பெரிய தாவல், மேலே போகப் போகச் சின்ன நகர்வு என்பதைக் கவனியுங்கள். சம இடைவெளியில் வரைந்தால் பந்து லிஃப்டில் ஏறி இறங்குவதுபோல் இருக்கும்.

பந்தை வட்டமாக வரையக் கூடாது என்பதைச் செய்முறை சொல்லும் பலரும் விட்டுவிடுகிறார்கள். பிளவும் படமும் எதிரெதிரே ஓடுவதால் படம் பக்கவாட்டில் ஒடுங்கித் தெரியும். இந்த அளவு உருளையில், ஒரு சாண் தூரத்திலிருந்து பார்த்தால், அகலம் ஏறத்தாழ 64 சதவீதமாகச் சுருங்கும். கண்ணை நகர்த்திப் பின்னால் போகப் போக இன்னும் ஒடுங்கி, பாதியை நெருங்கும். ஆகவே பந்தை 1.2 செ.மீ. உயரமும் 1.9 செ.மீ. அகலமுமாக, கொழுக்கட்டையைத் தட்டிவிட்டதுபோல் வரையுங்கள். சுற்றும்போது உருண்டையாகிவிடும். ஒல்லியாக நடக்கும் யானையைப் பார்த்துச் சிரித்த பிள்ளை அடுத்த பட்டையில் தானாகவே குண்டாக வரையும், அதையும் அனுமதிக்கலாம்.

பென்சிலால் மட்டும் வரைந்தால் தெரியாது. கறுப்பு ஸ்கெட்ச் பேனா, தடித்த கோடு, முழுதாக நிரப்பிய நிறம். மெல்லிய முகபாவமெல்லாம் இங்கே எடுபடாது.

பந்துக்கு எந்தத் திசையில் சுற்றினாலும் ஒன்றுதான். மொட்டு மலர்வதாக வரைந்தால் அப்படி இல்லை. உள்ளிருந்து பார்க்கையில் இடமிருந்து வலமாக எண்ணிட்டு வரைந்திருந்தால், மேலிருந்து நோக்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் மலர் மொட்டாகும். பிள்ளைகளுக்கு முதலில் சொல்லாமல் விட்டால் அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

பன்னிரண்டு பிளவுக்குப் பதின்மூன்று படம் வரைந்தால், படங்கள் இருந்த இடத்தில் அசையாமல், எதிர்ச்சுவர் ஓடும் திசையிலேயே மெல்ல ஊர்ந்து போகும். பதினொன்றானால் எதிர்த்திசையில் ஊரும். கணக்குப் பிசகினால் இது பிழை. எறும்பு வரிசையோ வாத்துக்கூட்டமோ வரைய நினைத்தால் அருமையான தந்திரம்.

மற்ற அடித்தளங்களைப் பற்றிச் சுருக்கமாக. சிடியின் நடுத்துளையில் கோலிக்குண்டு ஒட்டிச் சுற்றும் செய்முறை எங்கும் கிடைக்கிறது. சிடி பம்பரமாக நன்றாகச் சுற்றும், ஆனால் 12 செ.மீ. தட்டின்மேல் 19 செ.மீ. உருளையை ஏற்றினால் சாயும். பென்சில் முனையில் அட்டையைக் குத்தி நிறுத்துவதும் இதே கதிதான், படம் தலையாட்டும். பழைய ஃபிட்ஜெட் ஸ்பின்னர் வீட்டில் கிடந்தால் அதுதான் எல்லாவற்றிலும் நீண்ட நேரம் ஓடும். பெரும்பாலானவற்றின் நடுவில் இருப்பது 22 மி.மீ. விட்டமுள்ள 608 பேரிங். கீழ்மூடியை ஒரு மரக்கட்டையில் டபுள் டேப்பால் ஒட்டி, மூன்று கைகளின் மேல் உருளையின் அடித்தட்டை ஒட்டுங்கள். மேல்மூடி முட்டாமலிருக்க அடித்தட்டின் நடுவே 3 செ.மீ. ஓட்டை போட மறந்தால் அது சுற்றவே சுற்றாது. பேரிங் தளத்திலும் உருளை லேசாக இருந்தால் விளிம்பு எடை வேண்டும். இசைத்தட்டு இயந்திரம் வைத்திருப்பவர்கள் அதில் வைக்க ஆசைப்படுவார்கள். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் 12 பிளவுக்கு விநாடிக்கு 6.7 படம்தான் கிடைக்கும், போதாது. 45-இல் 9, அதுவும் தள்ளாட்டம். 45-இல் வைத்து 18 பிளவு போட்டால் 13.5 வரும். அந்த வேகம் மாறாத சீர்மைக்காக மட்டும் அந்த உழைப்பு தகும்.

வெட்டி மடித்துத் தரப்படும் அட்டைக் கிட்டுகள் இணையக் கடைகளில் உண்டு. கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியாத சின்னப் பிள்ளைக்கு, ஒரு மாலை நேரத்துக்கு, சரி. ஆனால் பலவற்றில் உருளை கையடக்கமாக இருக்கும், கட்டம் இரண்டரை செ.மீ. அகலத்துக்குமேல் வராது, பிள்ளையின் ஸ்கெட்ச் பேனாவுக்கு அதில் இடமே இல்லை. அச்சடித்த பட்டைகளைப் பார்த்து முடித்ததும் பெட்டி அலமாரிக்குப் போய்விடும். வாங்குவதானால் வெற்றுப் பட்டைகள் எத்தனை வருகின்றன, உருளையின் விட்டம் என்ன என்ற இரண்டையும் விவரப் பகுதியில் தேடிப் பாருங்கள்.

சுழல்மேசை வாங்குகிறவர்கள் உருளையை அதில் நிரந்தரமாக ஒட்டாமல் டபுள் டேப் நான்கு துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிறந்தநாள் வந்தால் கேக்குக்கு மேசை திரும்பக் கிடைக்கும், உப்புப் பொட்டலங்களைக் கழற்றிவிட்டால் போதும்.