பெங்களூர்ல குவாரன்டீன் முடிச்ச கடல் மீன்: காசு கொடுத்து வாங்கலாமா?

ராமமூர்த்தி நகர் பக்கம் ஒரு தூத்துக்குடிக்கார அண்ணன் வீட்டு மாடியில குவாரன்டீன் பண்ணி (தனித் தொட்டியில வச்சு மருந்து போட்டு) அக்வேரியத்துல வளக்குற கடல் மீன் விக்கிறார்னு கேள்விப்பட்டு வாங்கினேன், அதோட ரிவ்யூ இது. கடை பேர் கேக்காதீங்க, போர்டே கிடையாது, வாய்வழியா வர்றவங்களுக்கு மட்டும்தான் குடுக்கிறார், அதுக்கே வெயிட்டிங் இருக்கு.

முதல்ல நம்ம ஊர் நிலைமையை சொல்லிடறேன். இங்க கடலும் இல்ல, கடல் தண்ணியும் இல்ல, ஆர்ஓ தண்ணில உப்பு கலந்துதான் ஓட்டுறோம். மீன் மண்டபம், ராமேஸ்வரம், லட்சத்தீவு பக்கம் பிடிச்சு, இல்ல இந்தோனேசியாவுல இருந்து இறங்கி, சென்னை கொளத்தூர் மாதிரி இடத்துல கை மாறி, நைட் பஸ்ல தெர்மாகோல் பெட்டியில வருது. ஒவ்வொரு கை மாறும்போதும் வேற தண்ணி, வேற உப்பு அளவு, பல நாள் பட்டினி. நாம வாங்குறப்ப அது பாதி செத்த மீன், நமக்குத்தான் தெரியாது.

சில கடையில சேல்ஸ் தொட்டியிலயே கம்மி அளவுல காப்பர் (ஒட்டுண்ணியைக் கொல்ற தாமிர மருந்து) ஓட்டுவாங்க. மருந்து அளவுக்கும் கீழ, ஒட்டுண்ணி சாகாது, ஆனா அடங்கி இருக்கும். அங்க பாத்தா மீன் பளபளன்னு நிக்கும், வீட்டுக்கு வந்து காப்பர் இல்லாத தண்ணில விட்ட ஒரு வாரத்துல உடம்பு முழுக்க வெள்ளைப் புள்ளி. போன் பண்ணி கேட்டா "தண்ணி சேரல சார், உங்க பாராமீட்டர் செக் பண்ணுங்க"ன்னு ஒரே பதில்தான். எந்த மீன் எப்படி செத்தாலும் தண்ணி சேரல.

இந்த அண்ணன்கிட்ட நான் ஆர்டர் பண்ணது ஒரு ஜோடி க்ளவுன் (கோமாளி மீன்), ஒரு கோரல் பியூட்டி (குட்டி ஏஞ்சல் மீன்), ஒரு பவுடர் ப்ளூ (நீல டாங் மீன்). க்ளவுன் ஹேச்சரியில பொரிச்சது. மண்டபத்துல இருக்கிற சிஎம்எஃப்ஆர்ஐ (மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம்) இதுக்கெல்லாம் இனப்பெருக்க தொழில்நுட்பம் கொண்டு வந்து வருஷக்கணக்கு ஆச்சு, அப்புறமும் கடல்ல பிடிச்ச க்ளவுனை வாங்கி ப்ரூக்ளினெல்லாங்கிற ஒட்டுண்ணி நோய் வந்து சாகவிடறதுல எனக்கு அர்த்தம் தெரியல. அந்த நோய்க்கு காப்பரும் கேக்காது, ஃபார்மலின்தான் போடணும், அதை வீட்டுல வச்சு புழங்குறதுக்கு எனக்கு தைரியம் இல்ல. பவுடர் ப்ளூ நம்ம இந்தியப் பெருங்கடல் மீன்தான், பாத்தா கண்ணை எடுக்க முடியாது, ஆனா வெள்ளைப்புள்ளி வர்றதுல அதை மிஞ்ச ஆள் இல்ல. அண்ணன் முன்னாடியே "வேண்டாம் தம்பி, யோசிச்சுக்கோங்க"ன்னு சொன்னார், நான்தான் அடம் பிடிச்சேன். அட்வான்ஸ் பாதி வாங்கிட்டார்.

மாடியில போய் பாத்தேன். ஷோ ஒண்ணும் இல்ல, வெறும் கண்ணாடித் தொட்டிங்க, உள்ள மணல் இல்ல கல்லு இல்ல, ஒளிஞ்சுக்க பிவிசி பைப் துண்டு, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், அவ்வளவுதான். கல்லு போட்டா காப்பரை உறிஞ்சிடும், அளவு நிக்காது. டிசம்பர்ல நைட்டு குளிர் இறங்குறப்ப ஹீட்டர் இல்லாம இந்த ஊர்ல முடியாது, கரண்ட் போனா ஏர் பம்ப் ஓட தனியா இன்வெர்ட்டர் வச்சிருக்கார். அடுத்தடுத்த தொட்டிக்கு வலை, பக்கெட், ட்யூப் எல்லாம் தனித்தனி, கலர் டேப் ஒட்டி வச்சிருக்கு. இந்த கலர் டேப்பை பாத்ததுமே எனக்கு பாதி நம்பிக்கை வந்துருச்சு.

முதல் நாள் நல்ல தண்ணி குளியல். பிஎச்சும் சூடும் கடல் தண்ணிக்கு சமமா வச்ச உப்பில்லாத தண்ணில அஞ்சு நிமிஷம். கருப்பு டப்பாவுல பண்றார், ஏன்னு அப்புறம்தான் புரிஞ்சுது, கோரல் பியூட்டியோட உடம்புல இருந்து ரவை மாதிரி வெள்ளையா ஒவ்வொண்ணா கீழ விழுந்துச்சு. ஃப்ளூக், தட்டைப்புழு ஒட்டுண்ணி. மீன் மேல இருக்கிறவரைக்கும் கண்ணாடி மாதிரி இருக்கிறதால தெரியாது, நல்ல தண்ணி பட்டதும்தான் வெளுக்கும். குளியல்ல எல்லாம் போயிடாது, அதனால பிராசிக்வான்டல்ங்கிற புழு மருந்து ஒரு வார இடைவெளியில ரெண்டு தடவை, முட்டையில இருந்து வர்றதை பிடிக்க.

அதுக்கப்புறம் காப்பர். கீலேட்டட் காப்பரை (தண்ணில நிலைச்சு நிக்கிற மாதிரி கட்டின காப்பர்) ஒரே நாள்ல ஏத்தாம மெதுவா 2.25ல இருந்து 2.5 பிபிஎம் வரைக்கும் கொண்டு போய், அங்க நிறுத்தி 14 நாள், அப்புறம் மருந்தில்லாத புது தொட்டிக்கு மாத்துறார். கோரல் பியூட்டி மாதிரி குட்டி ஏஞ்சலுக்கு காப்பர் ஒத்துக்காம சாப்பாட்டை நிறுத்தும், அதுக்கு இன்னும் நிதானமா ஏத்தினார். ஹன்னா ஹை ரேஞ்ச் செக்கர் (காப்பர் அளவை நம்பரா காட்டுற குட்டி மீட்டர்) வச்சிருக்கார். குப்பியில தண்ணி எடுத்து, விரல் ரேகை இல்லாம பனியன் துணியால துடைச்சு, பட்டன் அமுக்கி, சி2ன்னு வந்ததும் பொடி போட்டு, ஆட்டி, மறுபடி உள்ள வச்சார். தண்ணி ஊதா ஆகி 2.31ன்னு நம்பர் வந்துச்சு. அதை நோட்ல எழுதி போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்ல போட்டார். கலர் அட்டை வச்சு ஒப்பிடற கிட்ல 1.5க்கும் 2.5க்கும் வித்தியாசம் எனக்கு இதுவரைக்கும் தெரிஞ்சதே இல்ல, 1.5ன்னா ஒட்டுண்ணி பிழைச்சுக்கும், ரொம்ப ஏறிட்டா மீன் போயிடும். ஒரு விஷயம், அம்மோனியாவை அடக்குற பாட்டில் மருந்தை காப்பர் இருக்கிற தண்ணில அவர் ஊத்தவே மாட்டார், சிலது காப்பரோட சேந்து இன்னும் விஷமாகும். தண்ணி மாத்தறதுதான் வழின்னு பக்கெட் பக்கெட்டா மாத்துறார்.

பவுடர் ப்ளூ பத்தி. காப்பர் லெவல் வந்ததுக்கு அப்புறம்தான் பிரச்சனை. உடம்புல ஒரு புள்ளி இல்ல, வெல்வெட்ங்கிற ஒட்டுண்ணி நோய் வந்தா தெரியற பொன்னிறப் பொடி இல்ல, பம்ப் தண்ணி வர்ற இடத்துல போய் நின்னு மூச்சு வாங்கவும் இல்ல. நோரி (காய்ஞ்ச கடல்பாசி) குடுத்தா ஒரு கடி கடிச்சு துப்பும், அடுத்த நாள் அதுவும் இல்ல. முதுகு மெலிஞ்சு, தலைக்கு மேல பள்ளம் விழுந்து, ஒரு காலையில செத்துக் கிடந்துச்சு. அண்ணன் அழிச்சு மறைக்காம வீடியோ அனுப்பினார், செவுளை சுரண்டி மைக்ரோஸ்கோப்ல பாத்து அந்த படமும் அனுப்பினார், ஒட்டுண்ணி எதுவும் இல்ல. "என்ன காரணம்?"னு கேட்டேன். "தெரியல தம்பி. பிடிச்ச விதமா இருக்கலாம், வயித்துல ஏதாவது இருக்கலாம், வர்ற வழியில பட்டினி கிடந்து குடல் போயிருக்கலாம். காப்பர் அதை இன்னும் சோர்வாக்கியிருக்கும், அதை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன்." இத்தனை வருஷத்துல மீன் விக்கிற ஒருத்தர் வாயில இருந்து நான் கேட்ட முதல் "தெரியல" இதுதான், அதுக்காகவே இவருக்கு ஒரு ஸ்டார் கூட போடுவேன்.

வருத்தம் இருந்துச்சு, பொய் சொல்லல. வீட்டுக்கு வராத மீனுக்கு எதுக்கு இவ்ளோன்னு வீட்டுல கேட்டாங்க, மச்சான் வழக்கம்போல "அந்த காசுக்கு எத்தனை கிலோ வஞ்சிரம் வரும் மாமா"ன்னு ஆரம்பிச்சான். கடல் மீன் வளக்குற எல்லார் வீட்டுலயும் இந்த வஞ்சிரம் கணக்கு ஒருத்தர் போடுவாங்கன்னு நினைக்கிறேன். ஆனா யோசிச்சு பாருங்க, அதே மீன் வேற கடையில இருந்து நேரா என் டேங்குக்கு வந்து, கூட ஒட்டுண்ணியும் கொண்டு வந்திருந்தா, இருக்கிற மீனெல்லாம் பிடிச்சு மருந்துல போட்டு, மெயின் டேங்கை மீன் இல்லாம 76 நாள் காலியா ஓட்டணும். வெள்ளைப்புள்ளியோட முட்டைக்கூடு கல்லுலயும் மணல்லயும் ஒட்டிக்கிட்டு 70 நாள் தாண்டியும் பொரியலாம்னுதான் அந்த கணக்கு. வெல்வெட்டா இருந்தா காலியாக்கறதுக்கே டைம் கிடைக்காது, ரெண்டு மூணு நாள்ல முடிஞ்சிடும். சாவு அவர் மாடியிலயே நின்னுச்சு, அதுக்குத்தான் நாம காசு குடுக்கிறோம்.

குறைங்க இல்லாம இல்ல. விலை வெளிய விக்கிறதுல இருந்து கிட்டத்தட்ட ஒண்ணரை மடங்கு. செத்த மீனுக்கு காசு திரும்ப வராது, அடுத்த ஆர்டர்ல கழிச்சுக்குவார், அதுவும் பாதிதான், இதை முதல்லயே சொல்லல, கேட்டதுக்கு அப்புறம்தான் சொன்னார். போட்டோ தினமும் வரும்னு சொல்லிட்டு நடுவுல சில நாள் சத்தமே இருக்காது, நாம கேட்டா "வேலை தம்பி"ன்னு ஒரு வாய்ஸ் நோட். இறால், நத்தைக்கு இடமே இல்லைங்கிறார். அது எனக்கு பெரிய குறை, ஏன்னா ஓடு மேல முட்டைக்கூடு ஒட்டிக்கிட்டு வரலாம், காப்பரும் போட முடியாது, மீனில்லாத தொட்டியில தனியா வச்சிருக்கிறதுதான் வழி, அதை இப்ப நான் வீட்டு பால்கனியில பண்ணிட்டு இருக்கேன். பவளம், கடல்குதிரை கேட்டு போகாதீங்க, 2001ல இருந்தே வனவிலங்கு சட்டத்துல இருக்கு, அவரும் வைக்க மாட்டார், கேட்டாலே முகம் சுளிப்பார்.

க்ளவுன் ஜோடியும் கோரல் பியூட்டியும் இப்ப வீட்டுல நல்லா இருக்கு, பெல்லட், மைசிஸ் (இறால் மாதிரி குட்டி உயிரி) எல்லாம் சாப்பிடுது. முதல் டேங்க் வைக்கிறவங்க, இல்ல தனி குவாரன்டீன் தொட்டிக்கு இடம் இல்லாத அபார்ட்மென்ட்காரங்க தாராளமா போகலாம். வீட்டுல ஒரு 20 காலன் தொட்டியும் செக்கரும் வச்சிருக்கிறவங்களுக்கு இது தேவையில்லாத செலவு. போறதா இருந்தா ஞாயித்துக்கிழமை காலையில மட்டும்தான் மீன் குடுப்பார், மூடி போட்ட பக்கெட்டும் பேட்டரி ஏர் பம்ப்பும் நீங்களே கொண்டு போகணும், உங்க டேங்க் உப்பு அளவை ரெண்டு நாள் முன்னாடியே சொல்லிடுங்க, அவர் தொட்டியை அதுக்கு சமமா கொண்டு வந்து வைப்பார்.