கணக்கெழுதும் ஆளுக்குச் சம்பளம் யார் தருவார்? புது டிரஸ்டுக்கு நான்கு வழிகள்

டிரஸ்ட் டீட் பதிவாகி, பான் கார்டும் வங்கிக் கணக்கும் வந்த கையோடு எல்லாரும் கேட்பது, "ஃபண்டுக்கு எங்கே அப்ளை பண்ணலாம்?" என்றுதான். கேட்கிறவர் மனதில் இருப்பது திட்டத்துக்கான பணம்: பிள்ளைகளுக்கு நோட்டு, மாலை வகுப்புக்கு டீச்சர், கண் முகாம். கொஞ்சம் அலைந்தால் அது கிடைத்துவிடும். கிடைக்காதது வேறு. வவுச்சர் எழுத ஓர் ஆள், டாலி என்ற கணக்கு மென்பொருள், ஆடிட்டர் ஃபீஸ், ஆபீஸ் வாடகை, களப் பணியாளருக்குப் பயிற்சி. இந்தச் செலவுக்கென்றே தரும் பணத்துக்கு நிறுவன வளர்ச்சி மானியம் என்று பெயர். எங்கள் வட்டாரத்தில் சுருக்கமாக 'ஓடி கிராண்ட்'.

திண்டிவனம் பக்கம் மாலை நேரப் படிப்பகங்கள் நடத்தும் ஒரு சிறு டிரஸ்டில் ஆறு வருடமாகக் கணக்கும் ப்ரொபோசலும் என் தலையில். நாங்கள் தட்டிப் பார்த்த கதவுகள் நான்கு: கம்பெனிகள் சமூகப் பணிக்குத் தரும் சிஎஸ்ஆர் பணம், ஓடி கிராண்ட், புது நிறுவனங்களைக் கைபிடித்து வளர்த்துவிடும் இன்குபேட்டர் அல்லது தனி ஆளுக்கு உதவித்தொகை தரும் ஃபெலோஷிப், ஊர்க்காரர்களின் மாத நன்கொடை. பெயரைப் பார்த்தால் ஓடி கிராண்ட்தான் புது நிறுவனத்துக்கென்றே செய்ததுபோல் இருக்கும். நான் அதைக் கடைசியில் வைப்பேன்.

சிஎஸ்ஆர்: தொகை பெரிசு, கைக்கு எட்டுவது கொஞ்சம்

நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி. இதில் ஏதாவது ஒன்றைத் தொட்டுவிட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது 2013ஆம் வருடக் கம்பெனிச் சட்டம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் பஸ்ஸில் போகும்போது இருபக்கமும் தெரியும் பெயர்ப் பலகைகளை எண்ணினால் ஆசை வரும். எனக்கும் வந்தது.

ஆனால் வெளி டிரஸ்ட் மூலம் கம்பெனி வேலை செய்ய வேண்டுமென்றால் அந்த டிரஸ்டுக்கு வருமான வரித் துறையின் 12ஏ (டிரஸ்டின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருகிறவருக்கு வரிக் கழிவு) பதிவுகள் இரண்டும் வேண்டும். அதே மாதிரி வேலையில் மூன்று வருட அனுபவமும் வேண்டும். (2026 ஏப்ரலில் புது வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன. நமக்கு வாயில் வருவது பழைய எண்தான்.) 2021 ஏப்ரல் முதல் சிஎஸ்ஆர்-1 படிவம் தாக்கல் செய்து பதிவெண்ணும் வாங்கியிருக்க வேண்டும். ஆகவே நேற்றுப் பிறந்த டிரஸ்டுக்கு இந்தக் கதவு நேராகத் திறக்காது. மூன்று வருடம் தாண்டிய மூத்த நிறுவனம் ஒன்றுக்குக் களப் பங்காளியாகச் சேரலாம். அல்லது கம்பெனியே நேரடியாக வாங்கித் தரும் பெஞ்சு, பீரோ வகையறாக்களைப் பெற்றுக்கொள்ளலாம்.

மூன்று வருடம் முடித்து உள்ளே போனோம் என்றே வையுங்கள். விதியில் 5 சதவீதம் என்று ஒரு நிர்வாகச் செலவு வரம்பு இருக்கிறது. அது கம்பெனி தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்த ஆகும் செலவுக்கான வரம்பு. நடைமுறையில் பலர் அதே எண்ணை நம் பட்ஜெட்டின் மேல் தூக்கி வைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10 லட்ச ரூபாய் திட்டம், 5 சதவீதம் 50,000, பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 4,166 ரூபாய். எங்கள் பக்கம் வாரம் மூன்று நாள் வரும் கணக்கருக்கே 8,000 கொடுக்கிறோம்.

ஒரு தடவை எங்கள் பட்ஜெட் தாளில் 'அக்கவுண்டன்ட்' என்ற வரி சிவப்பில் அடிபட்டுத் திரும்பி வந்தது. விவரம் தெரிந்த ஒருவர் சொன்ன யோசனைப்படி அதே ஆளுக்கு 'டாக்குமென்டேஷன் ஒருங்கிணைப்பாளர்' என்று பெயர் சூட்டினோம். ஒப்புதல் வந்துவிட்டது. வருடக் கடைசியில் யூசி, அதாவது பணம் செலவான சான்றிதழ், அனுப்பும்போது, "இவர் களத்தில் எடுத்த போட்டோக்கள் எங்கே?" என்று கேட்டார்கள். பாவம் மனிதர், கால்குலேட்டரும் கையுமாக இருந்தவர், இரண்டு நாள் படிப்பகம் படிப்பகமாகப் போய்ப் பிள்ளைகளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். தப்பு எங்கள் மேலும்தான். அந்த வரியை உள்ளபடி எழுதி, காரணம் சொல்லிச் சண்டை போட்டிருக்க வேண்டும்.

சண்டைக்குக் கையில் ஆதாரமும் உண்டு. தொண்டு நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் பிரிட்ஜ்ஸ்பேன் அமைப்பு 2021இல் வெளியிட்ட ஆய்வில் இந்தியாவின் முன்னணித் தொண்டு நிறுவனங்கள் 40இன் கணக்கைப் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள். நேரடித் திட்டத்தில் சேராத செலவு 5 சதவீதத்திலிருந்து 51 வரை போகிறது, இடைநிலை 19. பெரிய நிறுவனங்களுக்கே அப்படி என்றால் நமக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சிஎஸ்ஆரில் இன்னொன்று, காலம். செலவாகாத பணத்தை ஒன்று தனிக் கணக்கில் ஒதுக்க வேண்டும், இல்லை அரசு குறித்த நிதிகளுக்குக் கட்ட வேண்டும். அதனால் ஜனவரி, பிப்ரவரியில் திடீரென்று போன் வரும், "மார்ச்சுக்குள் செலவு பண்ண முடியுமா?" என்று. முடியும் என்று சொல்லிவிட்டு மார்ச் 28ஆம் தேதி ராத்திரி பில் அடுக்குகிறவர்களில் நானும் ஒருவன்.

ஓடி கிராண்ட்: நிற்கிறவனுக்குத்தான் ஊன்றுகோல்

அமெரிக்காவின் ஃபோர்டு பவுண்டேஷன் 2016 வாக்கில் 'பில்ட்' என்ற பெயரில் 100 கோடி டாலர் ஒதுக்கி, ஐந்து வருடக் கணக்கில் நிறுவனங்களை வலுப்படுத்தப் பணம் தந்தது. இந்தியாவில் எடெல்கிவ் என்ற அறக்கட்டளை 2021இல் தொடங்கிய 'க்ரோ' நிதி, 100 கோடி ரூபாயை 100 அடித்தட்டு நிறுவனங்களுக்கு 24 மாதத்தில் தருவதாக வந்தது. சம்பளத்துக்கும், அமைப்பைச் சீராக்கவும், சேமிப்பு நிதிக்கும் என்று வாயைத் திறந்து சொல்லித் தந்த பணம். எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய விஷயம்.

ஆனால் விண்ணப்பத்தைத் திறந்தால் நெஞ்சு அடைக்கும். ஓடி கிராண்ட் தருகிறவர்கள் பொதுவாகக் கேட்பவை இவை: மூன்று வருட ஆடிட் ரிப்போர்ட், டிரஸ்டிகள் கூட்டத் தீர்மான நோட்டு, சம்பள ஏணி, பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான கொள்கை, குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை, டிரஸ்டிகளில் யார் யாருக்கு உறவு. எங்கள் தீர்மான நோட்டில் முதல் வருடம் மொத்தம் இரண்டு பக்கம்தான் இருந்தது. அதில் ஒன்று வங்கிக் கணக்கு தொடங்குவது பற்றி.

நாங்கள் முதன்முதலில் போட்ட ஓடி விண்ணப்பம் தோற்றது நியாயம். 'நிறுவன வளர்ச்சி' என்ற இடத்தில் இன்னும் நான்கு படிப்பகம் திறப்போம் என்று எழுதியிருந்தேன். அது திட்ட விரிவு, நிறுவன வளர்ச்சி ஆகாது. பரிசீலித்தவர் போனில் கேட்டதுதான் எனக்குப் பாடம்: "சார், நாளைக்கு நீங்க படுத்துட்டா சம்பளம் யார் போடுவாங்க?" யாரும் போட மாட்டார்கள். நெட் பேங்கிங் பாஸ்வேர்டு என் போனில், செக் புத்தகம் என் வீட்டு அலமாரியில். எங்கள் விண்ணப்பம் எதைப் பற்றி இருந்திருக்க வேண்டுமோ அதை அவரே ஒரே கேள்வியில் சொல்லிவிட்டார்.

இன்குபேட்டர், ஃபெலோஷிப்: ஆளுக்குத் தரும் பணம்

முதல் வருடத்திலேயே உள்ளே விடும் கதவு இதுதான். 2007இலிருந்து அன்லிமிடட் இந்தியா, பெங்களூரில் தி நட்ஜ், கல்வி என்றால் விப்ரோ என்று சிலர் இருக்கிறார்கள். அசோகா ஃபெலோஷிப் மூன்று வருடம் வரை அந்த ஆளின் குடும்பச் செலவுக்கே தரும். ஆனால் அவர்கள் எதிர்பார்ப்பது நாடு முழுக்கப் பரவக்கூடிய புது யோசனை. ஒரு ஒன்றியத்தில் ஏழு படிப்பகம் நடத்துவோம் என்று சொன்னால் சிரித்த முகத்தோடு அனுப்பிவிடுவார்கள்.

இவற்றில் பணத்தைவிடக் கூட உட்காரும் ஆட்கள் முக்கியம். பட்ஜெட் எப்படிப் போடுவது, டிரஸ்டிகளிடம் எப்படி 'முடியாது' என்பது, இதெல்லாம் யாரோ பக்கத்தில் இருந்து சொன்னால்தான் வரும். குறையும் உண்டு. பணமும் புகழும் நிறுவனரைச் சுற்றியே வரும். கூட வேலை செய்கிற மூன்று பேர் கண்ணில் படமாட்டார்கள். நேர்காணலும் பயிலரங்கும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். கிராமத்தில் நன்றாக வேலை செய்கிற எத்தனையோ பேர் அந்த வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். இது எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம்.

மாத நன்கொடை: சின்னது, நம்முடையது

200 ரூபாய் வீதம் 60 பேர் தந்தால் மாதம் 12,000. கணக்கர் சம்பளம் 8,000 போக, ஆடிட்டர் ஃபீஸுக்கும் கொஞ்சம் சேரும். இந்தப் பணத்தில் எந்த வரியையும் யாரும் சிவப்பில் அடிக்க மாட்டார்கள். மற்ற மூன்றிலும் இல்லாத சுதந்திரம் இது ஒன்றில் இருக்கிறது.

வேலை மட்டும் அதிகம். புது டிரஸ்டுக்கு 12ஏ, 80ஜி முதலில் தற்காலிகமாக மூன்று வருடத்துக்குத்தான் கிடைக்கும். வேலை தொடங்கியபின் முறையான பதிவுக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். அதைக் கோட்டை விட்டவர்கள் நிறைய. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் தருகிறவருக்கு வரிக் கழிவு இல்லை. நன்கொடையாளர் பட்டியலான 10பிடி படிவத்தை மே 31க்குள் போட வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய். ஒரு வருடம் நான் 23 நாள் தாமதம். 4,600 ரூபாய், அதாவது 23 பேர் தந்த ஒரு மாத நன்கொடை. அப்புறம், புதிய வரிமுறையில் 80ஜி கழிவே கிடையாது. 2023-24 முதல் அதுதான் இயல்பான முறை ஆகிவிட்டதால், 'வரி மிச்சமாகும் சார்' என்ற பழைய வசனம் இப்போது பாதிப் பேரிடம் எடுபடுவதில்லை. படிப்பகத்தைக் கூட்டிப்போய்க் காட்டுவதுதான் எடுபடுகிறது.

மற்ற இரண்டு

வெளிநாட்டுப் பணத்தைப் புதிதாக வருகிறவர்கள் மறந்துவிடலாம். அதை வாங்குவதற்கான சட்டம் எஃப்சிஆர்ஏ. அதன் பதிவுக்கு மூன்று வருட வயதும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் செலவும் காட்ட வேண்டும். குறிப்பிட்ட நன்கொடைக்கு முன் அனுமதி என்று ஒரு வழி உண்டு, நீளமான வழி. 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பெரிய நிறுவனம் வாங்கிச் சின்ன நிறுவனத்துக்குப் பிரித்துத் தரவும் முடியாது. தொண்டு நிறுவனங்கள் பணம் திரட்டப் பங்குச் சந்தையில் இருக்கும் தனிப் பிரிவான சோஷியல் ஸ்டாக் எக்ஸ்சேஞ்சிலும் மூன்று வருட வயது, வருடம் 50 லட்சம் செலவு என்ற தகுதி. நம் தெருவில் வராத பஸ்.

நானாக இருந்தால்

முதல் வருடம் மாதா மாதம் தரும் நன்கொடையாளர்கள் 60 பேரைத் தேடுவேன், வேறு எதற்கும் முன்னால். அதில் கணக்கரை வேலைக்கு வைப்பேன். கூடவே ஓர் இன்குபேட்டர் விண்ணப்பம். இரண்டாம் வருடம் மூத்த நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து சிறிய சிஎஸ்ஆர் வேலை, பட்ஜெட்டில் 'அக்கவுண்டன்ட்' என்ற வரியோடு. மூன்று ஆடிட் ரிப்போர்ட் கையில் வந்தபிறகுதான் ஓடி கிராண்ட்.

மாத நன்கொடை தருகிறவர்களில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். ஐந்தாம் தேதி 200 ரூபாய் ஜிபேயில் வரும், ஆறாம் தேதி போன் வரும்: "தம்பி, போன மாசக் கணக்கு?" அவருக்குச் சொல்லியாக வேண்டும் என்றே ஒரு பக்க மாதக் கணக்கு எழுதத் தொடங்கினோம். இரண்டாவது தடவை ஓடி கிராண்டுக்கு விண்ணப்பித்தபோது, மாதாந்திர நிதி அறிக்கை இருக்கிறதா என்று கேட்டிருந்த இடத்தில் அந்த 31 தாள்களையும் ஸ்கேன் செய்து அப்படியே இணைத்தேன்.