கிளாம்ப் மீட்டர், நாலு வருடப் பயன்பாடு: ஓம் சரியாக வருகிறது, வாட் பாதியாக வருகிறது

ட்ரூ ஆர்எம்எஸ் (அலை எந்த வடிவில் இருந்தாலும் உண்மையான அளவைக் காட்டும் வசதி) இல்லாத சாதாரண கிளாம்ப் மீட்டர் (ஒயரை வாய்க்குள் கவ்வி கரண்ட் அளக்கும் கருவி) விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். 4 வருடமாக இதே வகை மீட்டர் தினமும் கையில் இருக்கிறது. போன வாரம் டெஸ்ட் லீட் (மீட்டரில் செருகி அளக்கும் ஒயர் ஜோடி) மட்டும் மாற்றினேன். பழைய லீடின் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்தால் 0.4 ஓம் காட்ட வேண்டும். கைப்பிடிக்குள் ஒயர் நுழைகிற இடத்தை ஆட்டினால் 3 வரை தாவியது. லீட் இப்படி இருந்தால் மற்ற ரீடிங் எதையும் நம்பக் கூடாது. மற்றபடி மீட்டரில் பழுது கிடையாது.

முதலில் நல்லது. ஹீட்டர் வேலைக்கு இதைக் குறை சொல்லவே முடியாது. 230 வோல்ட், 2000 வாட் கீசர் காயில் 26.45 ஓம் இருக்க வேண்டும் (230 × 230 ÷ 2000). எம்சிபியை (மெயின் போர்டில் இருக்கும் பிரேக்கர் சுவிட்ச்) இறக்கி, சப்ளை இல்லை என்று உறுதி செய்து, காயிலின் இரண்டு ஒயரையும் கழற்றிவிட்டு வைத்தால் 26.8 வரும்; லீடின் 0.4 போனால் 26.4. காயில் நன்றாக இருக்கிறது. பிறகும் தண்ணீர் சூடாகத் தாமதம் என்றால் வோல்டேஜைப் பாருங்கள். 200 வோல்ட் வந்தால் கரண்ட் 7.56 ஆம்ப், பவர் 1512 வாட்தான். வோல்டேஜ் 13 சதவீதம் குறைந்ததற்கு பவர் 24 சதவீதம் போய்விட்டது. இது தெரியாமல் நல்ல காயிலை மாற்றுகிறார்கள்.

லூஸ் கனெக்‌ஷன் பிடிக்கவும் இதே கணக்குதான். கீசர் ஓடாதபோது சாக்கெட்டில் 231 வோல்ட், ஓடும்போது 226, கரண்ட் 8.54 ஆம்ப் என்றால், 5 வோல்ட் வழியிலேயே விழுகிறது. 5 ÷ 8.54 = 0.59 ஓம், கிட்டத்தட்ட 43 வாட் ஒயரிலும் ஜாயின்டிலும் சூடாகிறது. நீளமான ஒயர் முழுக்கப் பரவினால் பரவாயில்லை. அத்தனையும் ஒரே பிளக் பின்னில் இறங்கினால் பித்தளை கறுத்து, சாக்கெட் ஓட்டையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பாகி உருகும். லைன் வோல்டேஜே ஏறி இறங்கும் என்பதால் மூன்று முறை போட்டு அணைத்துப் பார்த்த பிறகுதான் முடிவு சொல்ல வேண்டும்.

எதிர்பாராமல் பிடித்துப்போனது, ஃபேஸ் ஒயரைக் கிளாம்ப் வாய்க்குள் 10 சுற்று சுற்றும் முறை. 75 வாட் ஃபேனின் 0.33 ஆம்ப், 20 ஆம்ப் ரேஞ்சில் வெறும் ஊகம். என் மீட்டரின் கையேட்டில் 2.5 சதவீதமும் 10 டிஜிட்டும் (திரையின் கடைசி இலக்கத்தில் 10) பிழை என்று போட்டிருக்கிறது. அந்த 10 டிஜிட்டே 0.1 ஆம்ப். 10 சுற்று போட்டால் 3.3 காட்டும், பத்தால் வகுத்தால் பிழை 6 சதவீதத்துக்குள் வந்துவிடும். ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயரின் மேலுறையை மட்டும் நீக்கி, ஃபேஸ் ஒயரின் இன்சுலேஷனில் கீறல் படாமல் தனியே எடுத்துச் சுற்றி வைத்துக்கொண்டால் போதும். கிளாம்ப் வாயின் இரண்டு முகத்திலும் தூசி ஒட்டவிடாதீர்கள். முடி அளவு இடைவெளி இருந்தாலே ரீடிங் குறையும்.

இப்போது நாலு வருடமாக எரிச்சல் மூட்டுகிற விஷயம். டிம்மர் போட்ட 1000 வாட் காயில் அடுப்பை எடுங்கள். காயில் 52.9 ஓம், முழுதாகப் போட்டால் 4.35 ஆம்ப். டிம்மரைச் சரியாகப் பாதிக்கு, அதாவது ஒவ்வொரு அரை அலையின் நடுவிலிருந்து ஓடும்படி வைத்தால் உண்மையான பவர் 500 வாட், உண்மையான கரண்ட் 3.07 ஆம்ப். மீட்டர் காட்டுவது 2.17. அடுப்பு முனையில் உண்மையில் 163 வோல்ட். மீட்டர் காட்டுவது 115. வகுத்துப் பாருங்கள்: 115 ÷ 2.17 = 53 ஓம். சரியான விடை! பெருக்கிப் பாருங்கள்: 250 வாட். உண்மையில் பாதி.

இரண்டு ரீடிங்கும் ஒரே விகிதத்தில் குறைவதால் வகுக்கும்போது பிழை அடிபட்டுப் போகிறது, பெருக்கும்போது இரட்டிக்கிறது. இந்த மீட்டர் அலையின் சராசரியை எடுத்து 1.11-ஆல் பெருக்கிக் காட்டுகிறது, அந்த 1.11 சைன் அலைக்கு மட்டுமே பொருந்தும். ஓம் சரியாக வந்ததே என்று நம்பி வாட்டையும் எழுதிக் கொடுப்பவர்கள் மாட்டுவது இங்கேதான். விலை குறைந்த எல்இடி டிரைவரிலும் (எல்இடி விளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் சர்க்யூட்) இதே கதை: கரண்ட் கூர்முனையாக ஓடும், மீட்டர் குறைத்துக் காட்டும்.

பம்பு மோட்டார் வேறு விவகாரம், அதற்கு மீட்டரைத் திட்ட மாட்டேன். 232 வோல்ட், 7 ஆம்ப் என்றால் 1624 வோல்ட்-ஆம்பியர், வாட் அல்ல. ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர் இருந்தாலும் பவர் ஃபேக்டர் (வோல்ட்-ஆம்பியரில் எத்தனை பங்கு வாட் என்ற விகிதம்) தெரியாமல் வாட் கிடைக்காது. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மின்வாரிய மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கை எண்ணுங்கள். யூனிட்டுக்கு 3200 மினுக்கு என்று அதன் முகத்தில் போட்டிருந்தால், வாட் = 1125 × மினுக்கு ÷ விநாடி. 9 விநாடியில் 10 மினுக்கு என்றால் 1250 வாட். 1624-ஆல் வகுத்தால் பவர் ஃபேக்டர் 0.77.

கீசர், அயர்ன் பாக்ஸ், லூஸ் கனெக்‌ஷன் மூன்றிலும் ஒரு தடவைகூடக் காலை வாராத மீட்டர் இது. ஆனாலும் வாங்காதீர்கள். டிம்மரும் டிரைவரும் இல்லாத வீடு இப்போது எங்கே இருக்கிறது? விலை பாதியானாலும் என் பதில் இதுதான். முகப்பிலேயே ட்ரூ ஆர்எம்எஸ் என்று அச்சிட்டதைக் கேட்டு வாங்குங்கள், 10 சுற்று ஒயரையும் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.