பட்டி கய்யின் 'ஸ்வீட் டீ': கோர்டு நகராத இடத்தில் ஒரு கிட்டார்காரர்

இந்த ஆல்பத்தை முதல்முறையாகப் போடுகிறவர்கள், முதல் பாட்டைக் கேட்டு வால்யூமை முடிவு செய்துவிட வேண்டாம். 'டன் காட் ஓல்ட்' வெறும் அக்கூஸ்டிக் கிட்டாரும் குரலும்தான். சன்னமாக இருக்கிறதே என்று ஏற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தால், மூன்று நிமிடச் சொச்சத்தில் 'பேபி ப்ளீஸ் டோன்ட் லீவ் மீ' வந்து இறங்கும். பேஸ், டிரம்ஸ், கரகரக்கும் ஃபஸ் (ஒலியை வேண்டுமென்றே சிதைக்கும் கருவி) கிட்டார் எல்லாம் ஒரேயடியாக. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். இரண்டாம் பாட்டை ஒரு நிமிடம் ஓடவிட்டு, அதற்குத் தோதாக வால்யூமை வைத்துக்கொண்டு, பிறகு முதலிலிருந்து ஆரம்பியுங்கள். முதல் பாட்டு அப்போது முணுமுணுப்பாகத்தான் கேட்கும். கேட்கட்டும். அடுத்து வருவதன் எடை தெரிவதற்காகத்தான் அதை அங்கே வைத்திருக்கிறார்கள்.

ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை) கிட்டார்காரரான பட்டி கய் 1936இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் லெட்ஸ்வொர்த்தில் பிறந்தவர். 1957இல் சிகாகோவுக்குப் போய், செஸ் ரெக்கார்ட்ஸ் என்ற இசைப்பதிவு கம்பெனியில் மடி வாட்டர்ஸ் போன்ற ப்ளூஸ் பெரியவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர். மேடையில் அவர் எழுப்பிய முரட்டுச் சத்தத்தைப் பதிவு செய்ய அந்த கம்பெனிக்கு மனம் வரவில்லை. அதே சத்தத்தை லண்டனில் இருந்தவர்கள் கற்றுக்கொண்டு ராக் என்று விற்றார்கள். இன்றைய இளைஞர்களிடம், 2025இல் வந்த 'சின்னர்ஸ்' படத்தின் முடிவில் சாமி (Sammie) என்ற பாத்திரத்தின் வயதான வடிவமாக வருபவர் என்றால் சட்டென்று புரியும்.

அவர் ஆல்பங்களில் எது நல்லது என்று கேட்டால் பெரும்பாலோர் 1991இல் வந்த 'டாம் ரைட், ஐவ் காட் த ப்ளூஸ்' என்பார்கள். அது நல்ல ஆல்பம்தான். ஆனால் பளபளப்பு அதிகம், விருந்தாளிகளும் அதிகம். 2001 மே மாதம் சில்வர்டோன் வெளியிட்ட 'ஸ்வீட் டீ'யில் அந்தப் பளபளப்பு எதுவும் கிடையாது. கிராமி பரிந்துரை வரை போயும், பட்டி கய் ரசிகர்களில் பாதிப் பேர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். முதல்முறை கேட்கும்போது இது அவருடைய ஆல்பம் மாதிரியே ஒலிக்காததுதான் காரணம்.

ஏன் என்று புரிய, ப்ளூஸின் கணக்கு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். சிகாகோ ப்ளூஸ் பெரும்பாலும் பன்னிரண்டு பார் (பார் என்பது தாளத்தின் ஒரு அளவு) கட்டமைப்பு; ஒவ்வொரு பாரிலும் ஒரு கோர்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம். ஈ சுருதியில் என்றால் நான்கு பார் ஈ, இரண்டு பார் ஏ, மறுபடி இரண்டு பார் ஈ, பிறகு பி7, ஏ, ஈ, பி7 என்று ஒரு சுற்று முடியும். ஐந்தாம் பாரில் கோர்டு மாறும் என்பது வாசிப்பவருக்கும் கேட்பவருக்கும் தெரியும். அந்த எதிர்பார்ப்போடு விளையாடுவதுதான் பட்டி கய்யின் பாணி. மாற வேண்டிய இடத்துக்கு அரை வினாடி முன்னே பாய்வார், அல்லது வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கிசுகிசுப்பார், அடுத்த வரியில் அலறுவார். கோர்டு மாற்றம் என்ற தரை காலுக்குக் கீழே இருப்பதால்தான் அவரால் அப்படித் தாவ முடிகிறது.

வடக்கு மிசிசிப்பியின் மேட்டு நிலத்தில், ஹோலி ஸ்பிரிங்ஸ் பக்கம் வளர்ந்த ப்ளூஸில் அந்தத் தரை இல்லை. ஒரே கோர்டு, சில பாட்டுகளில் பத்து நிமிடத்துக்கும் மேல். தாழ்ந்த கம்பி தம்பூரா போல விடாமல் ஒலிக்கும். மேலே ஒரு சின்ன மெட்டு திரும்பத் திரும்ப வரும். டிரம்ஸ் ஆடுகிறவர்களின் காலைப் பிடித்து வைத்திருக்கும். இந்த வகையின் பெரிய ஆள் ஜூனியர் கிம்ப்ரோ. சுலாஹோமா என்ற சிற்றூரில் சொந்தமாக ஒரு ஜூக் ஜாயின்ட் (குடியும் ஆட்டமும் பாட்டுமான சின்ன விடுதி) நடத்தியவர். 1998 ஜனவரியில் இறந்தார். அவருடைய இடமும் 2000 ஏப்ரலில் தீப்பிடித்துச் சாம்பலானது. ஆல்பம் கடைக்கு வந்தபோது அதன் மூலக்காரரும் இல்லை, அந்தப் பாட்டுகள் பிறந்த கூரையும் இல்லை.

ஆக்ஸ்ஃபர்டில் (இங்கிலாந்து அல்ல, மிசிசிப்பி) டென்னிஸ் ஹெரிங் என்ற தயாரிப்பாளருக்கு ஸ்வீட் டீ என்று ஒரு ஸ்டூடியோ. ஆல்பத்தின் பெயர் அதிலிருந்து வந்ததுதான். அதே ஊரில் இயங்கிய ஃபேட் பாஸம் என்ற சின்ன கம்பெனி, கிம்ப்ரோவையும் அவரைப் போன்ற வயதானவர்களையும் 90களில் பதிவு செய்துகொண்டிருந்தது. ஹெரிங் அந்தப் பட்டியலிலிருந்து பாட்டுகளை எடுத்து பட்டி கய்யின் கையில் கொடுத்தார். ஒன்பதில் நான்கு கிம்ப்ரோவுடையவை. டி-மாடல் ஃபோர்டு, சீடெல் டேவிஸ், ராபர்ட் கேஜ் ஆகியோருடையவை ஆளுக்கு ஒன்று. மீதி இரண்டில் ஒன்று லோவல் ஃபுல்சன் 60களில் பிரபலமாக்கிய 'டிராம்ப்', இன்னொன்று பட்டி கய் சொந்தமாக எழுதியது.

வாசித்தவர்களின் கலவை விசித்திரமானது. டிரம்ஸில் டி-மாடல் ஃபோர்டின் கூட்டாளி ஸ்பாம், மிசிசிப்பியின் டெல்டா பகுதியின் மூத்த கை சாம் கார், ராக் பாடகர் எல்விஸ் காஸ்டெல்லோவோடு வாசித்த பீட் தாமஸ் என்று மூன்று பேர். பேஸ் டேவி ஃபாராகர், இன்னொரு கிட்டார் ஜிம்போ மாத்தஸ். பட்டியலில் பியானோவுக்கு பாபி விட்லாக் பெயர் இருக்கிறது. பியானோ எங்கே என்று தேடித்தான் கேட்க வேண்டும், அவ்வளவு அடியில் புதைந்திருக்கிறது.

'பேபி ப்ளீஸ் டோன்ட் லீவ் மீ' ஏழு நிமிடத்துக்கும் மேல். பேஸ் ஒரே இடத்தில் உழுதுகொண்டிருக்கிறது. பட்டி கய்யிடம் வழக்கமான ஆயுதங்கள் எதுவும் செல்லாது, ஏனென்றால் தாவிப் போய்ச் சேர வேறு கோர்டு இல்லை. அவர் என்ன செய்கிறார் பாருங்கள்: ஒரு ஸ்வரத்தை வளைத்து அப்படியே பிடித்துக்கொண்டு, அது ஃபீட்பேக்காக (ஆம்பின் ஒலி கிட்டாருக்குள் திரும்பி எழுப்பும் ஊளை) மாறும்வரை காத்திருக்கிறார். வேகமான ஓட்டங்கள் வருகின்றன, ஆனால் அவை எங்கும் போய்ச் சேராமல் கலைந்து பேஸுக்குள்ளேயே விழுந்துவிடுகின்றன. குரல் மட்டும் உச்சத்தில் கெஞ்சுகிறது. நாற்பது வருட மேடை சாமர்த்தியம் எடுபடாத இடத்தில் ஒரு மனிதர் என்ன வாசிப்பார் என்பதைக் கேட்க இந்த ஒரு பாட்டு போதும்.

முதல் பாட்டுக்கு வருவோம். முன்போல நடக்க முடியவில்லை, முன்போல காதலிக்க முடியவில்லை, வயதாகிவிட்டது என்பதுதான் 'டன் காட் ஓல்ட்' முழுக்க. பாடும்போது பட்டி கய்க்கு அறுபதைத் தாண்டிய வயது. கிம்ப்ரோவின் மூலத்தை 1992இல் வந்த 'ஆல் நைட் லாங்' ஆல்பத்தில் கேட்கலாம். பட்டி கய் பாடிய 'ஸ்டே ஆல் நைட்'டின் மூலமும் அதிலேயே இருக்கிறது. மூலத்தையும் பட்டி கய்யின் பதிப்பையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்ப்பது நல்ல பயிற்சி. கிம்ப்ரோவிடம் கிட்டாரும் குரலும் ஒரே மெட்டில் ஒட்டிக்கொண்டு போகும். கட்டை விரலே பேஸ், மற்ற விரல்கள் மெட்டு. முதல் பாட்டைத் தவிர மற்றவற்றில், பட்டி கய் பேஸ் வேலையை ஃபாராகருக்குத் தள்ளிவிட்டதால் கிட்டாருக்கு மேலே மிதக்க இடம் கிடைக்கிறது. சத்தம் கூடுகிறது, ஆனால் கிம்ப்ரோவின் அந்த மயக்கும் தள்ளாட்டம் குறைகிறது. 'ஸ்டே ஆல் நைட்'டில் இந்த இழப்பு நன்றாகவே தெரியும். மூலத்தில் அடக்கிச் சொன்ன அழைப்பு இங்கே சத்தம் போட்டுச் சொல்லப்படுகிறது. அந்த ஒன்றுக்கு எங்கள் ஓட்டு கிம்ப்ரோவுக்கு.

'டிராம்ப்' மிசிசிப்பிப் பாட்டு அல்ல என்றாலும் இங்கே பொருந்திவிட்டது. அதுவும் ஒரே ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் சின்ன மெட்டு) சுற்றிச் சுற்றி வருவதுதான். 'ஷி காட் த டெவில் இன் ஹெர்' எழுதிய சீடெல் டேவிஸ், போலியோவால் விரல்கள் முடங்கியதால் சாப்பாட்டு மேசைக் கத்தியால் ஸ்லைடு (கம்பிமேல் வழுக்கி வாசிக்கும் முறை) வாசித்தவர். அந்த உரசலை இங்கே ஸ்லைடு இல்லாமல் டிஸ்டார்ஷனாலேயே (ஒலிச் சிதைவாலேயே) கொண்டுவந்திருக்கிறார்கள். 'ஐ காட்டா ட்ரை யூ கேர்ள்' பன்னிரண்டு நிமிடம். இதைப் பற்றித்தான் கேட்பவர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். வேலை பார்த்துக்கொண்டே கேட்டால் எட்டாம் நிமிடத்தில் எரிச்சல் வரும். வேறெதுவும் செய்யாமல் கேட்டால் ஆறாம் நிமிடத்துக்குப் பிறகு டிரம்ஸ்தான் முதல் வாத்தியம் என்று காது மாறிக்கொள்ளும்.

கடைசிப் பாட்டு 'இட்ஸ் எ ஜங்கிள் அவுட் தேர்' பட்டி கய்யுடையது. பலவீனமானதும் அதுதான். பழக்கப்பட்ட பட்டி கய் திரும்பி வந்துவிடுகிறார், எட்டுப் பாட்டாகக் கட்டிய இறுக்கம் தளர்கிறது. ஆல்பத்தை எட்டாவதோடு நிறுத்தினால் நஷ்டமில்லை.

எதில் கேட்பது என்பது இந்த ஆல்பத்துக்கு முக்கியம். பேஸ் கிட்டாரின் திறந்த ஈ கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கரிலும் கைக்கு அடக்கமான ப்ளூடூத் பெட்டியிலும் அந்த அடி ஸ்வரம் வராது; அதன் மேல் ஒலிகள் மட்டும் வரும். ஒரே கோர்டு இசையில் அடியை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது சலிப்பு. 'திரும்பத் திரும்ப அதே' என்று குறை சொல்பவர்களில் பலர் இப்படிக் கேட்டவர்களாக இருக்கலாம். காதை நன்றாக அடைக்கும் இயர்போன் போதும். ரப்பர் முனை தளர்வாக இருந்தால் பேஸ் முதலில் கசிந்துவிடும் என்பதால் சரியான அளவைப் பொருத்துங்கள். ஸ்ட்ரீமிங்கில் கேட்டால் சத்த அளவைச் சமப்படுத்தும் அமைப்பைப் பாருங்கள். பாட்டுகளைக் கலந்து ஓடவிட்டால் அது ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாக ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும், முதல் இரண்டு பாட்டுக்கும் இடையிலான அந்த மேடுபள்ளம் காணாமல் போகும். அதை அணைத்துவிட்டு, ஆல்பத்தை வரிசையாகக் கேளுங்கள்.

கிட்டார் வாசிப்பவர்கள் இதிலிருந்து ஏதாவது எடுத்துக்கொள்ள நினைத்தால், பட்டி கய்யின் சோலோக்களைக் காப்பியடிப்பதில் பயனில்லை. கிம்ப்ரோவின் அடித்தளத்தைப் பிடியுங்கள். சாதாரண டியூனிங் போதும். மெட்ரோனோமை 80இல் வைத்து, ஆறாம் கம்பியைத் திறந்தபடி கட்டை விரலால் ஒவ்வொரு துடிப்புக்கும் தட்டுங்கள். மேலே ஈ, ஜி, ஏ, பி, டி என்ற ஐந்து ஸ்வரங்களில் நான்கைந்து ஸ்வர மெட்டு ஒன்று. முதல் கம்பி மூன்றாம் ஃப்ரெட்டில் உள்ள ஜியைத் துளி வளைத்து, ஜிக்கும் ஜி ஷார்ப்புக்கும் நடுவில் நிறுத்துங்கள். மேஜரா மைனரா என்று சொல்ல முடியாத அந்த இடத்தில்தான் இந்த வகையின் ருசி. இதையே ஐந்து நிமிடம் நிறுத்தாமல் வாசிக்க வேண்டும்.

தவறுவது பெரும்பாலும் மூன்று இடத்தில். ஐந்தாம் பார் வந்ததும் கை தானாக ஏ கோர்டுக்கு ஓடும், பழக்கதோஷம். இரண்டாவது, மெட்டு சிக்கலானதும் கட்டை விரல் மெட்டின் தாளத்துக்கு இழுபட்டுப் போகும். அப்படியானால் மெட்டை இரண்டு ஸ்வரமாகக் குறைத்துவிட்டு மறுபடி ஏறுங்கள். மூன்றாவது ஆம்ப். இந்த ஆல்பத்தின் சத்தம் வேண்டும் என்று கெயினை (ஒலியைச் சிதைக்கும் அளவை) முழுக்கத் திருகினால், தாழ்ந்த கம்பியும் மேல் மெட்டும் ஒரே டிஸ்டார்ஷனுக்குள் மோதிக் குழம்பும். கெயினைப் பாதிக்குக் குறைத்து, பேஸ் குமிழையும் இறக்கி, வால்யூமை ஏற்றுங்கள். 5 முதல் 15 வாட் வரையுள்ள சின்ன வால்வ் ஆம்ப் இருந்தால் அதைத் தள்ளி வாசிப்பதே இந்த ஒலிக்குக் கிட்டப் போகும். வீட்டில் அந்த அளவு சத்தத்துக்கு வழியில்லை என்றால், மெட்டை மட்டும் ஃபஸ்ஸில் வாசித்து, அடி ஸ்வரத்தை லூப்பரிலோ (வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கும் கருவி) நண்பரின் பேஸிலோ விட்டுவிடலாம். பட்டி கய் செய்ததும் ஏறக்குறைய அதுதானே.

பிடித்துப்போனால் அடுத்து 2003இல் அதே ஹெரிங் தயாரித்த 'ப்ளூஸ் சிங்கர்'. அது முழுக்க அக்கூஸ்டிக், 'டன் காட் ஓல்ட்' மாதிரி இன்னும் கொஞ்சம் கிடைக்காதா என்று ஏங்குபவர்களுக்கானது. இரண்டாம் பாட்டின் வெறி பிடித்தவர்கள் அங்கே போக வேண்டாம். கிம்ப்ரோவின் 'ஆல் நைட் லாங்'குக்குப் போங்கள். அதில் ஒலித்தரம் முரடு, ஆனால் வால்யூமை ஒருமுறை வைத்தால் போதும், கடைசிவரை மாற்ற வேண்டியிருக்காது.